ஒரு டப்பா மூடியும் நாலு வீடும்: சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுகளைப் பெற்றோர் பகிர்ந்துகொள்வது எப்படி

ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அட்டை வெட்டி, வண்ணம் அடித்து, காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, நிறம் பிரிக்கிற விளையாட்டு ஒன்று தயார் செய்தேன். காலையில் அது நாலே நிமிடம் ஓடியது. சிவப்பு அட்டை வாய்க்குப் போனது, மிச்சம் தரைக்குப் போனது, அப்புறம் அட்டைகளைப் போட்டு வைத்திருந்த டப்பாவின் மூடியைத் தூக்கிக்கொண்டு பிள்ளை அடுத்த அறைக்குப் போய்விட்டது. மூடியை உருட்டி, தலையில் வைத்து, சுவரில் தட்டி, முக்கால் மணி நேரம். கோபம் வந்ததா என்றால், வந்தது.

அன்றைக்குப் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. ஒரு பிள்ளைக்கு ஒரு செட் செய்ய ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், அதே கையோடு நாலு செட் செய்ய ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, ஏனென்றால் கத்தரிக்கோலும் பசையும் குப்பையும் ஏற்கனவே வெளியே வந்துவிட்டன. நாலு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு விதம் செய்து மாற்றிக்கொண்டால் எல்லாருக்கும் நாலு விதம் கிடைக்கும், அதில் ஒன்று ஊத்திக்கொண்டாலும் மனசு விட்டுப்போகாது. இதில் பெரிய புதுமையும் இல்லை. நியூசிலாந்தில் 1941இல், போர்க்காலத்தில், பெற்றோர் சேர்ந்து சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுக்காகத் தொடங்கிய ப்ளேசென்டர் என்ற அமைப்பு இன்றும் பெற்றோர் கையில்தான் ஓடுகிறது. இங்கிலாந்தில் நர்சரியில் இடம் கிடைக்காத அம்மாக்கள் 1960களின் தொடக்கத்தில் இதே மாதிரி தாங்களே குழு சேர்த்து நடத்தினார்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். இது பள்ளிக்கூடம் இல்லை. பெஞ்சு, மணி, வருகைப் பதிவு, "இன்றைய பாடம்" எல்லாம் வந்துவிட்டால் மூன்றாவது வாரத்தில் ஒரு வீடு கழன்றுகொள்ளும், ஐந்தாவது வாரத்தில் நீங்கள் மட்டும் மிஞ்சுவீர்கள்.

எத்தனை பேர், எந்த வயது

மூன்று அல்லது நாலு வீடு. இரண்டு என்றால் ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தாலே அந்த வாரம் காலி. ஆறு என்றால் நாள் குறிக்கவே ஒரு வாரம் போய்விடும். வயது இரண்டரையிலிருந்து ஐந்துக்குள் கலந்து இருக்கலாம், ஒரே வயதாகத் தேடி அலைய வேண்டாம். ஐந்து வயது செய்வதைப் பார்த்து மூன்று வயது கற்றுக்கொள்கிறது, மூன்று வயதுக்குச் செய்து காட்டும்போது ஐந்து வயதுக்குத் தலை கொஞ்சம் நிமிர்கிறது. கைக்குழந்தை உள்ள வீடு இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் தவழ்கிற குழந்தை இருக்கும் அறையில் சின்னச் சாமான் எதுவும் தரையில் இருக்கக் கூடாது.

யாரைச் சேர்ப்பது என்பதில் என் அனுபவம்: பிள்ளை வளர்ப்பில் நம்மைப் போலவே நினைப்பவரைவிட, வர முடியவில்லை என்றால் முன்கூட்டியே சொல்கிறவரைச் சேர்ப்பது நல்லது.

முதல் மாதம் பை மட்டும்

எடுத்த எடுப்பிலேயே எல்லாரும் ஒரு வீட்டில் கூடாதீர்கள். முதலில் பையைச் சுற்ற விடுங்கள். ஆளுக்கு ஒரு துணிப்பை, அதில் ஒரே ஒரு விளையாட்டு. வாரத்தில் ஒரு நாள் முடிவு செய்து, அந்த நாளில் பை அடுத்த வீட்டுக்குப் போகும். நாலு வீடு என்றால் உங்கள் பை ஒரு மாதம் கழித்து உங்களிடமே வந்து சேரும், அதற்குள் உங்கள் பிள்ளைக்கு அது மறந்திருக்கும், புதுசு மாதிரி பிரித்துப் பார்க்கும். தீர்ந்துபோகிற பொருள், அதாவது ஸ்டிக்கர், தாள், இந்த மாதிரி இருந்தால் நாலு உறையில் தனித்தனியாகப் போட்டு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் வீடே எல்லாவற்றையும் தீர்த்துவிடும்.

பையில் ஒரு சின்னத் தாள் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் நாலு விஷயம் போதும்: உள்ளே என்னென்ன எத்தனை இருக்கிறது, எப்படித் தொடங்குவது, பிள்ளை கண்டுகொள்ளவில்லை என்றால் வேறு எப்படி விளையாடலாம், வாயில் போடக்கூடிய அளவில் ஏதாவது இருக்கிறதா. முதல் மாதம் எங்களுக்கு வந்த ஒரு பையில் வெறும் துணி க்ளிப்பும் ஒரு அட்டைத் தட்டும் இருந்தன, தாள் இல்லை. தட்டின் ஓரத்தில் க்ளிப்பை மாட்டி சூரியக் கதிர் மாதிரி செய்ய வேண்டுமாம். எனக்கு அது தெரியவில்லை. என் பிள்ளை க்ளிப்பை எல்லாம் என் சட்டையில் மாட்டியது, நான் முள்ளம்பன்றி ஆனேன். அடுத்த மாதம் அந்தப் பையின் தாளில் "பெரியவர் சட்டையில் மாட்டலாம்" என்று ஒரு வரி சேர்ந்தது. தாள் இப்படித்தான் வளரும், அதனால் கீழே கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள்.

பையைக் கொடுப்பவர் எண்ணித்தான் கொடுக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் தொலைந்தது என்று தாளில் எழுதிவிடுங்கள், யாரும் யாரிடமும் விலை கேட்பதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தொலைந்தால் வருத்தப்படும்படியான பொருளைப் பையில் வைக்கவே வேண்டாம்.

சேர்ந்து விளையாடும் நாள்

பை ஒரு சுற்று வந்ததும் கூடலாம். ஒன்றரை மணி நேரம் போதும். இரண்டு மணி நேரம் என்று திட்டமிட்டால் கடைசி அரை மணி நேரம் அழுகைக்குத்தான். காலையில், தூக்கத்துக்கும் பசிக்கும் நடுவில் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக ஒரு நல்ல நேரம் இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள்.

வந்ததும் முதல் இருபது நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். பிள்ளைகள் சுற்றிப் பார்க்கட்டும், அம்மா அப்பா காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது நிற்கட்டும். அப்புறம் ஒரே ஒரு விளையாட்டு, பத்துப் பதினைந்து நிமிடம். அப்புறம் கை கழுவி அவரவர் கொண்டுவந்ததைச் சாப்பிடுவது. ஒவ்வாமை ஏதாவது இருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், மாவு, பசை உட்பட. அப்புறம் ஓட்டம், குதியாட்டம், முடிந்தால் வெளியே. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி. உட்கார வைத்துச் செய்யும் கைவேலையைவிட இந்தப் பகுதிதான் முக்கியம், ஆனால் நாம் இதைத்தான் நேரம் இல்லை என்று வெட்டுவோம். கடைசியில் ஒரு கதை, வீட்டுக்கு.

பெற்றோர் கூடவே இருக்க வேண்டும். "நீங்க பாத்துக்கோங்க, நான் ஒரு வேலையை முடிச்சிட்டு வந்துடறேன்" என்பது முதல் இரண்டு மாதம் கிடையாது. எல்லாரும் இருந்தாலும் ஒருவர் மட்டும் விளையாட்டை நடத்துவார், இன்னொருவர் கழிப்பறை, தண்ணீர், மூக்குத் துடைப்பது பொறுப்பு, மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டு பேசலாம். உண்மையில் இந்தப் பேச்சுக்காகத்தான் பலர் வருகிறார்கள், அதில் தப்பே இல்லை.

ஊற்றுவது

எந்தப் பையை முதலில் செய்வது என்று கேட்டால் ஊற்றும் பை என்பேன். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்த முறையில் ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் போடுவது மாதிரியான அன்றாட வேலைகளே பயிற்சி. நமக்குத் தேவை கைப்பிடி உள்ள இரண்டு சின்னக் குவளை, இரண்டும் ஒரே மாதிரி, உடைந்தால் குத்தாதவை. ஓரம் எழும்பிய ஒரு ட்ரே. ஒரு ஸ்பாஞ்ச். ஒரு குவளையில் பாதிக்கு ஏதாவது ஒரு காய்ந்த தானியம்.

ட்ரேயில் இரண்டு குவளையையும் கைப்பிடி வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல், மிக மெதுவாக நீங்கள் ஒருமுறை ஊற்றிக் காட்டுங்கள். வாய் பேசினால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும், கையைப் பார்க்காது. கடைசித் தானியம் விழும் வரை குவளையைச் சாய்த்தே பிடியுங்கள், அந்த டொக் சத்தம் கேட்டதும்தான் நிமிர்த்துங்கள். சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போடுங்கள். அவ்வளவுதான், ட்ரேயைத் தள்ளிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளை ஊற்றும், மறுபடி ஊற்றும், நாக்கு ஓரமாக வெளியே வரும், பதினைந்து தடவை ஊற்றும். உங்களுக்குப் பொறுக்காமல் "இப்ப இப்படிப் பண்ணு" என்று வாய் வரும், அடக்குங்கள். சலிப்பு நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. தானியம் சிந்தாமல் வர ஆரம்பித்ததும் தண்ணீருக்கு மாறுங்கள், அப்போது ஸ்பாஞ்சு வேலைக்கு வரும். சில பிள்ளைகளுக்கு ஊற்றுவதைவிடத் துடைப்பது பிடித்துப்போகும், அதுவும் சரி, கையால் பிழிகிற பிடி பிற்பாடு பென்சிலுக்கு உதவும்.

இதே பையில் அடுத்த மாதம் ஒரு புனல், அதற்கடுத்து இங்க் ஃபில்லர், அதற்கடுத்து ஒரு கரண்டி என்று ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். பை அதே பை.

மாவு

கடையில் வாங்கும் ப்ளே டோ, அதாவது பிசைந்து விளையாடும் மாவு, தேவையில்லை. மைதா 2 கப், பொடி உப்பு 1 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் முக்கால் கப்பில் தொடங்கி 1 கப் வரை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் கூழாகிவிடும், அப்புறம் மைதாவைச் சேர்த்துச் சேர்த்து நாலு வீட்டுக்கு வேண்டியது பத்து வீட்டுக்கு ஆகிவிடும். கையில் ஒட்டாத பதம் வரும் வரை பிசையுங்கள், காது மடல் மாதிரி மென்மையாக இருக்க வேண்டும். நிறம் வேண்டுமென்றால் தண்ணீரிலேயே கலந்துவிடுங்கள், பிறகு சேர்த்தால் கை முழுக்க நிறமாகும். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக வரும். உப்பு ஈரத்தை இழுப்பதால் சில நாளில் பிசுபிசுக்கும், ஒரு பிடி மைதா போட்டுப் பிசைந்தால் சரியாகிவிடும். நாற்றம் வந்தால் தூக்கிப் போடுங்கள்.

இதில் உப்பு அதிகம், மாவும் வேகாதது, அதனால் தின்னக் கூடாது. ஒரு துணுக்கு நாக்கில் பட்டால் உப்புக் கரிப்பிலேயே பிள்ளை துப்பிவிடும், ஆனால் விடாமல் வாயில் போடும் பிள்ளைக்கு இது இன்னும் ஆறு மாதம் வேண்டாம். கையில் கீறல் இருந்தால் எரியும். நாய் வளர்க்கும் வீடு என்றால் எட்டாத இடத்தில் வையுங்கள், இத்தனை உப்பு நாய்க்கு ஆபத்து.

மாவோடு அச்சு, உருளை, பிளாஸ்டிக் கத்தி என்று ஒரு மூட்டை கொடுக்காதீர்கள். முதல் நாள் வெறும் மாவு. குத்தட்டும், உருட்டட்டும், பிய்க்கட்டும். இரண்டாம் நாள் உடைந்த குச்சி நாலு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நிற மாவு, ஒரே அளவு உருண்டை. இந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரு கதை இருக்கிறது, கீழே வருகிறது.

டேப்

மாஸ்கிங் டேப் ஒரு சுருள் இருந்தால் மழை நாள் ஒன்று ஓடிவிடும். தரையில் நேர்கோடு, வளைகோடு, கோணல்மாணல் கோடு. அதன்மேல் நடப்பது, பின்னோக்கி நடப்பது, குதிகாலும் விரலும் தொட நடப்பது, கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் குதிப்பது. பெரியவர்களுக்குச் சுலபமாகத் தெரியும், மூன்று வயது உடம்புக்கு அது பெரிய வேலை. விளையாடி முடித்ததும் டேப்பை நகத்தால் கிளப்பி உரித்து எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், விளையாட்டைவிட அது அதிக நேரம் ஓடும். அன்றைக்கே உரித்துவிடுங்கள், நாள்கணக்கில் விட்டால் தரையில் பசை நின்றுவிடும்.

எழுத்து, எண்

இங்கேதான் பெற்றோர் குழுக்கள் கெட்டுப்போகும். யாராவது ஒருவர் "எங்க வீட்ல நூறு வரைக்கும் சொல்லுது" என்பார், மறுநாள் மூன்று வீட்டில் எண் பலகை வந்துவிடும். நூறு வரை சொல்வது பாட்டு மாதிரி, எண்ணுவது வேறு. சோதித்துப் பாருங்கள். ஐந்து மூடியை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு. "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பல மூன்று வயதுப் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. 1978இல் கெல்மன், காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் குழந்தைகள் எண்ணும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் என்று ஐந்தைப் பிரித்துக் காட்டினார்கள், அதில் இது ஒன்று. இதற்குப் பாடம் எடுக்க வேண்டாம். "ரெண்டு ஸ்பூன் கொண்டா", "ஆளுக்கு ஒரு தட்டு வை" என்று வீட்டு வேலைக்கு இழுத்தால் போதும். ஆளுக்கொன்று வைக்கும்போது ஒன்று குறைந்தால் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

எழுத்துக்கு முன்னால் கோடு. பொதுவாகப் பார்த்தால் மேலிருந்து கீழ்க்கோடு 2 வயதுவாக்கில், வட்டம் 3 வயதில், கூட்டல் குறி 4 வயதுக்குச் சற்று முன்பின், முக்கோணம் 5 வயதில் பார்த்து வரைய வரும், முன்னே பின்னே இருக்கலாம். வளைவு ஒன்றுக்குள் இன்னொரு வளைவாகச் சுற்றி வரும் "அ" எழுத்தை மூன்று வயதிடம் கொடுத்துவிட்டு எழுத வரவில்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. அகரவரிசையில் முதலில் வருவதால் கைக்கும் அதுதான் முதலில் வரும் என்று இல்லை. ட, ப என்று நேர்கோட்டில் அமைந்த எழுத்துகளில் தொடங்குங்கள். ட்ரேயில் மெல்லிய மணல் பரப்பி விரலால் எழுதலாம், தப்பானால் ஒரு ஆட்டு ஆட்டினால் அழிந்துவிடும், ரப்பர் தேய்த்துத் தாள் கிழியும் சோகம் இல்லை. உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டினால் விரலால் தடவிப் பார்க்கலாம், ஒரு தடவை செய்தால் வருடக்கணக்கில் பையில் சுற்றும். தன் பெயரின் முதல் எழுத்து எதுவானாலும் பிள்ளைக்கு அதன்மேல் தனிப் பிரியம் வரும், அதை மட்டும் கஷ்டமாக இருந்தாலும் கேட்டால் காட்டிக்கொடுங்கள்.

க்ரேயானை உடைத்துக் கொடுங்கள். புது க்ரேயானை முழுதாகக் கொடுத்தால் முஷ்டியால் பிடிக்கும், இரண்டு விரற்கடை நீளத் துண்டைக் கொடுத்தால் முஷ்டி பிடிக்க இடமே இல்லை, விரல் நுனிகள் தானாக வந்து சேரும். உடைக்க மனசு வராது. உடையுங்கள்.

கத்தரிக்கோல் பற்றி ஒரு வரி: விரல் அகல அட்டைப் பட்டையை ஒரே வெட்டில் துண்டாகும்படி கொடுங்கள், கட்டைவிரல் மேலே பார்த்திருக்க வேண்டும், தாளைவிட அட்டை சுலபம்.

கதை

ஒரே புத்தகத்தை மூன்று வாரம் படியுங்கள். நாலு வீட்டிலும் அதே புத்தகம் சுற்றினால் சேரும் நாளில் எல்லாப் பிள்ளைக்கும் கதை தெரிந்திருக்கும், நீங்கள் பாதியில் நிறுத்தினால் கூட்டமாகக் கத்தி முடிக்கும். வெட்கப்படுகிற பிள்ளை வாய் திறப்பது பெரும்பாலும் அந்தக் கூட்டக் கத்தலில்தான். "இது என்ன நிறம், இது எத்தனை" என்று பரீட்சை வைக்காமல் "ஐயோ, இப்ப என்ன பண்ணப் போகுது இது?" என்று நீங்களும் தெரியாத மாதிரி கேளுங்கள்.

ஆபத்தான சாமான்கள்

அலங்காரமாக எழுத ஒன்றுமில்லை, நேராகச் சொல்கிறேன். டாய்லெட் பேப்பர் சுருளின் நடுக்குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுப் பையில் வேண்டாம். பொத்தான் பேட்டரி போட்ட பொம்மை, சின்னக் காந்தம், வெடித்த பலூன் துண்டு, இவை எந்த வயதுக்கும் வேண்டாம். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணிகளைப் பல பேர் விளையாட்டுத் தொட்டிக்கு வாங்குகிறார்கள், பார்க்க அழகு, தொட இதம், ஆனால் விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதி அடைத்துக்கொள்ளும், எக்ஸ்ரேயில் சட்டென்று தெரியவும் செய்யாது. அதைக் கொண்டுவராதீர்கள் என்று குழுவில் வெளிப்படையாகச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஊற்றும் பையில் இருக்கும் தானியம்கூடப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான், மூக்குக்குள் போட்டுப் பார்க்கும் ஆராய்ச்சியாளர் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. தண்ணீர் விளையாட்டு என்றால் ஒருவர் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும், இரண்டு அங்குலத் தண்ணீரே ஒரு சின்னக் குழந்தையை மூழ்கடிக்கப் போதும். முடிந்த நிமிடமே தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது.

காய்ச்சல் இருந்தால் வர வேண்டாம், மருந்து இல்லாமல் காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு வரலாம். இதை எழுதி வைத்துவிட்டால் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே தடுக்க வேண்டியதில்லை.

சண்டை

மேலே சொன்ன கதை. எங்கள் இரண்டாவது கூட்டத்தில் நாலு குவளை வைத்தேன், சிவப்பு ஒன்று, நீலம் மூன்று. நான் எதையும் யோசித்து வைக்கவில்லை, வீட்டில் இருந்தது அதுதான். மூன்று பிள்ளைக்குச் சிவப்புதான் வேண்டும். ஒன்று பிடுங்கியது, ஒன்று கடித்தது, ஒன்று தரையில் படுத்தது, நாலாவது பிள்ளை குவளையைப் பற்றியே தெரியாமல் மற்றவர்கள் அழுவதைப் பார்த்து அழுதது. பகிர்ந்து கொள்வது பற்றி நாங்கள் நாலு பெரியவர்களும் மாறி மாறி உபதேசம் செய்தோம், ஒரு காதிலும் ஏறவில்லை. அடுத்த வாரம் நாலும் நீலம். சண்டை இல்லை. பகிர்வது ஒரு நாளில் வருவதில்லை, அதைக் குவளையில் சோதிக்க வேண்டியதும் இல்லை.

இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல், தனித்தனியாக விளையாடுவதைப் பார்த்து "ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குதே" என்று கவலைப்படாதீர்கள். மில்ட்ரட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இல் விளையாட்டின் வகைகளைப் பிரித்து எழுதியபோதே இதற்கு இணை விளையாட்டு என்று ஒரு தனி இடம் கொடுத்தார். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருக்கும், வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளை செய்ததை அப்படியே செய்யும்.

எந்த வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டுப் பிள்ளைதான் அன்றைக்கு அதிகம் அழும், ஏனென்றால் அதன் பொம்மையை மற்றவர்கள் தொடுகிறார்கள். வருகிறவர்கள் வரும் முன் "எதை யாரும் தொடக் கூடாது?" என்று கேட்டு அந்த இரண்டு மூன்று பொம்மையை அலமாரியில் பூட்டிவிடுங்கள், மிச்சம் எல்லாருக்கும். இது சுயநலத்தைப் பழக்குவது என்று ஒரு தாத்தா எங்களிடம் கோபித்துக்கொண்டார். அவருடைய மூக்குக்கண்ணாடியை யாராவது கேட்டால் கொடுப்பாரா என்று நான் கேட்கவில்லை.

அடுத்தவர் பிள்ளையைக் கண்டிப்பது பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். எங்கள் ஏற்பாடு: அடி, கடி, ஆபத்து என்றால் பக்கத்தில் இருக்கும் பெரியவர் யாரானாலும் கையைப் பிடித்துத் தடுக்கலாம், "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று ஒரு வாக்கியம் சொல்லலாம். அதற்கு மேல் பேசுவது அந்தப் பிள்ளையின் அம்மா அப்பா வேலை. கடித்த பிள்ளையின் பெற்றோர் மற்றவர்களைவிட அதிகம் கூனிக் குறுகி நிற்பார்கள், அவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். அடுத்த மாதம் உங்கள் முறை வரலாம்.

படம் எடுப்பது: யாருடைய பிள்ளை படத்தையும் கேட்காமல் குழுவுக்கு வெளியே போடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

யாராவது இரண்டு முறை பை கொண்டுவரவில்லை என்றால் கோபப்படாமல், உங்களிடம் இருக்கும் செட் ஒன்றைக் கொடுத்து "இதை நீங்க கொண்டுவந்ததா வச்சுக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். வேலை, உடம்பு, இரண்டாவது குழந்தை, ஏதோ ஒன்று இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் எல்லாருக்கும் விடுமுறை விடுவதும் உதவும்.

இந்த வாரமே தொடங்குவதென்றால் முதல் பைக்கு வெட்டுவதும் ஒட்டுவதும் வேண்டாம். வீட்டில் கிடக்கும் டப்பாக்களில் வெவ்வேறு அளவில் ஆறு எடுங்கள், திருகு மூடி மூன்று, அழுத்து மூடி மூன்று, எல்லா மூடியும் மேலே சொன்ன டாய்லெட் பேப்பர் குழாய்க்குள் நுழையாத அளவில். கழுவிக் காயவைத்து, மூடிகளைக் கழற்றித் தனியாக ஒரு துணியில் முடிந்து, தாளில் "டப்பா 6, மூடி 6, எது எதற்கு என்று பிள்ளை கண்டுபிடிக்கட்டும், மூடியை உருட்டிக்கொண்டு ஓடினால் விட்டுவிடவும்" என்று எழுதிப் பையில் போடுங்கள்.